என்எஃப்எஸ் பகிர்வு மவுண்ட் ஆகிறது, எழுத விடவில்லை: சர்வருக்கும் வொர்க்ஸ்டேஷனுக்கும் நடுவே எங்கே பார்ப்பது?

#1 பனையோலை

சர்வரில் இருக்கிற ஒரு அடைவை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியா கோப்பு பகிரும் முறை) மூலமா வொர்க்ஸ்டேஷனில் பயன்படுத்தப் பார்க்கிறேன். சர்வர்: டெபியன் 12, முகவரி 192.168.10.5. இரண்டாவது டிஸ்க் ஒன்று எக்ஸ்ட்4-ல் /எஸ்ஆர்வி/பகிர்வு என்று ஏறியிருக்கு. வொர்க்ஸ்டேஷன்: ஃபெடோரா, முகவரி 192.168.10.20. நடுவில் ஒரே ஒரு கிகாபிட் ஸ்விட்ச், ரூட்டர் எதுவும் குறுக்கே இல்லை.

வொர்க்ஸ்டேஷனில் மவுண்ட் கட்டளை எந்தக் குறையும் சொல்லாம முடியுது. உள்ளே இருக்கிற கோப்புகள் தெரியுது, திறந்து படிக்க முடியுது. ஆனா புதுசா ஒரு கோப்பு உருவாக்கப் போனா "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வருது. எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் (எதை யாருக்குப் பகிரணும்னு சர்வரில் எழுதுற பட்டியல்) ஆர்டபிள்யூ (படிக்க, எழுத உரிமை) போட்டிருக்கேன். மவுண்ட் பண்ணும்போதும் ஆர்டபிள்யூ கொடுத்தேன். சர்வரில் நேரா உட்கார்ந்து எழுதினா எழுதுது, அதனால டிஸ்க் நல்லாத்தான் இருக்கு.

அந்த அடைவுக்கு 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்துப் பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை. அடுத்து எதைப் பார்க்கணும்?

#2 தறிநூல்

முதலில் 777-ஐத் திரும்ப எடுத்துவிடுங்கள். உங்கள் பிழைச் செய்தியே அது பயன்படாது என்று சொல்கிறது. அனுமதி போதவில்லை என்றால் "பெர்மிஷன் டினைட்" என்றுதான் வரும். "ரீட்-ஒன்லி" என்பது சர்வரின் என்எஃப்எஸ் அடுக்கு சொல்லும் பதில். உங்கள் கோரிக்கை அடைவின் அனுமதியைச் சோதிக்கும் இடம் வரை போகவே இல்லை.

எதையும் மாற்றுவதற்கு முன் இந்த மூன்றையும் எடுத்துப் போடுங்கள்.

சர்வரில்:
சூடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி
கேட் /ஈடிசி/எக்ஸ்போர்ட்ஸ்

வொர்க்ஸ்டேஷனில்:
என்எஃப்எஸ்ஸ்டாட் -எம்

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் நீங்கள் எழுதியது ஒன்று, சர்வர் அதைப் புரிந்துகொண்டது இன்னொன்று. முதல் கட்டளை காட்டுவது சர்வர் புரிந்துகொண்டதை. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஆப்ஷன்களை மாற்றிக்கொண்டே போனால் எது பிழை, எது நீங்கள் புதிதாகச் சேர்த்தது என்று பிரிக்கவே முடியாமல் போய்விடும்.

#3 பனையோலை

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் இருக்கிற ஒரே வரி:

/எஸ்ஆர்வி/பகிர்வு 192.168.10.0/24 (ஆர்டபிள்யூ,சிங்க்,நோ_சப்ட்ரீ_செக்)

எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி இரண்டு வரி காட்டுது. சுருக்கிப் போடறேன்:

/எஸ்ஆர்வி/பகிர்வு 192.168.10.0/24(சிங்க்,...,ஆர்ஓ,செக்யூர்,ரூட்_ஸ்குவாஷ்)
/எஸ்ஆர்வி/பகிர்வு <வேர்ல்ட்>(சிங்க்,...,ஆர்டபிள்யூ,செக்யூர்,ரூட்_ஸ்குவாஷ்)

என்எஃப்எஸ்ஸ்டாட் -எம் காட்டுறது: ஆர்டபிள்யூ, வெர்ஸ்=4.2, ஆர்சைஸ்=1048576, டபிள்யூசைஸ்=1048576, ஹார்ட், புரோட்டோ=டிசிபி, டைமியோ=600, ரீட்ரான்ஸ்=2, செக்=சிஸ்.

ஒரு வரி எழுதினதுக்கு ஏன் இரண்டு வருது?

#4 தறிநூல்

வலைப்பின்னல் முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறீர்கள். பிழை அந்த ஓர் எழுத்து அகலத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கோப்பில் இடைவெளி என்பது "அடுத்த கிளையன்ட்" என்று பொருள். ஆக உங்கள் வரியை சர்வர் இப்படிப் படிக்கிறது: 192.168.10.0/24-க்கு ஆப்ஷன் எதுவும் சொல்லப்படவில்லை, எனவே இயல்புநிலை; இயல்புநிலையில் ஆர்ஓ, அதாவது படிக்க மட்டும். பிறகு பெயரில்லாத ஒரு கிளையன்ட், அதாவது உலகில் யார் வேண்டுமானாலும், அவர்களுக்கு ஆர்டபிள்யூ. உங்கள் வொர்க்ஸ்டேஷன் முதல் வரியில் பொருந்திவிடுவதால் அதற்குப் படிக்க மட்டும் உரிமை. எழுதக்கூடாதவர்களுக்கு எழுதும் உரிமை. அந்த 24-க்கு வெளியிலிருந்து இந்த சர்வரை எட்ட முடிகிற எந்த இயந்திரமும் இப்போது உங்கள் டிஸ்க்கில் எழுதலாம். 777-உம் சேர்ந்து இருந்தபோது நிலைமை இன்னும் மோசம்.

திருத்தம்:

/எஸ்ஆர்வி/பகிர்வு 192.168.10.0/24(ஆர்டபிள்யூ,சிங்க்,நோ_சப்ட்ரீ_செக்)

பிறகு சூடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ. சேவையை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை, செய்யவும் வேண்டாம். திறந்திருக்கும் கிளையன்ட்கள் வீணாகக் காத்திருக்க நேரும். பழைய வரியோடு இதே கட்டளையை ஓட்டியிருந்தால் "நோ ஆப்ஷன்ஸ் ஃபார்", "நோ ஹோஸ்ட் நேம் கிவன்" என்று இரண்டு எச்சரிக்கைகள் வந்திருக்கும். அவை பிழையாக நிறுத்தாமல் வெறுமனே திரையில் ஓடிப்போவதால் பலர் கவனிப்பதில்லை.

இன்னொன்று: என்எஃப்எஸ்ஸ்டாட் -எம் காட்டிய ஆர்டபிள்யூவை நம்ப வேண்டாம். அது கிளையன்ட் தன் பக்கத்தில் வைத்திருக்கும் கொடி மட்டும். சர்வர் எழுத விடுமா என்பது முதல் எழுத்துக் கோரிக்கை போய் வரும்போதுதான் தெரியும்.

#5 மின்தடம்

இந்த இழையைத் தேடி வருகிறவர்களுக்காகப் பிழைச் செய்திகளைப் பிரித்து வைக்கிறேன். மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும், மூன்றும் வேறு இடத்திலிருந்து வருபவை.

"ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்": எக்ஸ்போர்ட் ஆர்ஓவாக இருக்கிறது, அல்லது சர்வரின் டிஸ்க்கே பிழை கண்டு படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டது. இரண்டாவதைச் சர்வரின் டிமெசேஜ் (கெர்னலின் செய்திப் பதிவு) காட்டிக்கொடுக்கும்.

"பெர்மிஷன் டினைட்": எக்ஸ்போர்ட் சரி, உங்கள் பயனர், குழு எண்களுக்கு (யுஐடி, ஜிஐடி) அந்த அடைவில் உரிமை இல்லை.

"ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்": பெரும்பாலும் ரூட்டாக இருந்து சோன் செய்யப் பார்க்கும்போது வரும். ரூட்_ஸ்குவாஷ் ஆப்ஷன் உங்கள் 0-ஐ (ரூட்டின் எண்) 65534 (உரிமை ஏதுமில்லாத பயனர்) ஆக்கிவிட்டது, 65534-க்கு உரிமையாளரை மாற்றும் அதிகாரம் கிடையாது.

மவுண்ட் நேரத்திலேயே "ஆக்சஸ் டினைட் பை சர்வர்" என்றால் அது நான்காவது கதை: முகவரி எந்த எக்ஸ்போர்ட் வரியிலும் பொருந்தவில்லை, அல்லது கிளையன்ட் 1024-க்கு மேலுள்ள போர்ட்டிலிருந்து பேசுகிறது. நேட் (முகவரி மாற்றம்) பின்னால் இருக்கும் விர்ச்சுவல் மெஷின்களில் இரண்டாவது காரணம் சகஜம். செக்யூர் என்ற இயல்புநிலை ஆப்ஷன் அதைத் தடுக்கும்.

#6 பனையோலை

இடைவெளியை எடுத்தாச்சு. இப்ப <வேர்ல்ட்> வரி போயிருச்சு. அடைவை 755-க்கு (உரிமையாளர் மட்டும் எழுதலாம்) திருப்பிட்டேன். பிழை மாறியிருக்கு, இப்ப "பெர்மிஷன் டினைட்". #5 சொன்னபடி எண்களைப் பார்த்தேன்.

சர்வரில் எல்எஸ் -எல்என் காட்டுறது: உரிமையாளர் 1000, குழு 1000.
வொர்க்ஸ்டேஷனில் ஐடி காட்டுறது: யுஐடி 1001, ஜிஐடி 1001. அங்கே 1000 வேற ஒருத்தருக்குப் போயிருக்கு.

இரண்டு பக்கமும் பயனர் பெயர் ஒண்ணுதான். வெர்ஷன் 4-ல் பெயரை வைச்சுத்தான் பொருத்தும், ஐடிமேப்டியில் (பெயரையும் எண்ணையும் பொருத்துற சேவை) டொமைன் ஒண்ணா இருந்தா போதும்னு படிச்சேன். இரண்டிலும் டொமைன் ஒண்ணாத்தான் இருக்கு. அப்புறம் ஏன்?

#7 நிலவறை

இந்த ஐடிமேப்டி குழப்பம் ஓயாத ஒன்று. பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஒவ்வொரு என்எஃப்எஸ் கோரிக்கையிலும் அடையாளம் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, கோரிக்கையின் தலைப்பகுதியில்: "இதைக் கேட்பவர் யார்". இரண்டு, கோப்பின் பண்புகளில்: "இந்தக் கோப்பின் உரிமையாளர் யார்". ஐடிமேப்டி தொடுவது இரண்டாவதை மட்டும். எல்எஸ் காட்டும் பெயர், சோன் அனுப்பும் பெயர், இவ்வளவுதான் அதன் எல்லை.

எழுத விடலாமா என்று சர்வர் முடிவு செய்வது முதலாவதை வைத்து. செக்=சிஸ் என்றால் அங்கே வெறும் எண்தான் போகிறது: யுஐடி 1001. சர்வர் அந்த 1001-ஐ அப்படியே எடுத்து 1000-க்குச் சொந்தமான 755 அடைவோடு ஒப்பிடுகிறது, மறுக்கிறது. உங்கள் பெயர் அந்தக் கணக்கில் வரவே இல்லை. ஆகவே எல்எஸ்ஸில் பெயர் சரியாகத் தெரிந்தும் எழுத முடியாமல் போவது முழுக்க சாத்தியம்.

போதாததற்கு, செக்=சிஸ் உள்ளவரை இன்றைய லினக்ஸ் கெர்னல்கள் உரிமையாளரையும் எண்ணாகவே அனுப்புகின்றன; என்எஃப்எஸ்4_டிஸேபிள்_ஐடிமேப்பிங் என்ற கெர்னல் அளவுரு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். ஐடிமேப்டியில் டொமைனைத் திருத்தி மணிக்கணக்காக உட்கார்வது இந்த நிலையில் வீண்.

வழிகள் நான்கு. உங்களுக்கு எது என்பது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஒருவர் மட்டும் என்றால் எளியது: எக்ஸ்போர்ட் வரியில் ஆல்_ஸ்குவாஷ்,அனான்யுஐடி=1000,அனான்ஜிஐடி=1000 சேருங்கள். எந்த எண்ணோடு வந்தாலும் சர்வரில் 1000 ஆகிவிடும். வொர்க்ஸ்டேஷனில் உள்ள எல்லாருமே அந்த 1000 ஆகிவிடுவார்கள் என்பது இதன் விலை.

இரண்டு மூன்று பேர் என்றால் எண்களை ஒன்றாக்குங்கள். 1000, 1001 என்பவை நிறுவும்போது தானாக விழும் எண்கள், அவற்றில்தான் மோதல் வரும். இரண்டு இயந்திரத்திலும் காலியாக இருக்கும் ஓர் எண், 2001 என்று வைத்துக்கொள்வோம், அதைக் கொடுங்கள்:

சூடோ குரூப்மாட் -ஜி 2001 பெயர்
சூடோ யூசர்மாட் -யு 2001 பெயர்

அந்தப் பயனர் உள்நுழைந்திருக்கும்போது யூசர்மாட் மறுக்கும், வேறொரு கணக்கிலிருந்து செய்யுங்கள். யூசர்மாட் வீட்டு அடைவில் உள்ள கோப்புகளின் உரிமையாளரை மாற்றித் தரும். அதற்கு வெளியே உள்ளவற்றைத் தொடாது. /எஸ்ஆர்வியில் நீங்களேதான் மாற்ற வேண்டும்:

சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/பகிர்வு -எக்ஸ்டெவ் -யுஐடி 1000 -எக்ஸெக் சோன் -ஹெச் 2001:2001 {} +

அந்த -ஹெச் இல்லாவிட்டால் சிம்பாலிக் லிங்க் சுட்டும் இடத்துக் கோப்பின் உரிமையாளர் மாறிவிடும். அது பகிர்வுக்கு வெளியே இருக்கலாம், கவனம்.

குழுவாக வேலை செய்வதென்றால் பொதுக்குழு ஒன்று, ஜிஐடி 3000 போல, இரண்டு பக்கமும், அடைவுக்கு 2770. முன்னால் உள்ள 2 இருந்தால்தான் உள்ளே உருவாகும் கோப்புகளும் அதே குழுவில் விழும். யூமாஸ்க் (புதுக் கோப்புகளில் எந்த உரிமைகளை நீக்குவது என்ற அமைப்பு) 002 ஆக இருக்க வேண்டும், இல்லையேல் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்த முடியாது.

நான்காவது கெர்பரோஸ், அடையாளத்தை மையச் சர்வர் ஒன்று உறுதிசெய்யும் முறை. அடையாளம் உண்மையிலேயே பெயரை வைத்து நடக்கும் வழி இதுதான். இரண்டு இயந்திரங்களின் கடிகாரமும் இயல்பாக 5 நிமிடத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். இரண்டு இயந்திரத்துக்காக இதை அமைப்பது மிகை என்பது என் கருத்து.

நோ_ரூட்_ஸ்குவாஷ் போடச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். வொர்க்ஸ்டேஷனில் ரூட் ஆனவர் எவரும் உங்கள் சர்வர் டிஸ்க்கில் ரூட்டுக்குச் சொந்தமான செட்யுஐடி நிரலை (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடுவது) வைத்துவிட்டுப் போகலாம்.

#8 தறிநூல்

குழு வழியை எடுப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. செக்=சிஸ் தலைப்பகுதியில் கூடுதல் குழுக்கள் 16-க்கு மேல் போகாது. பதினேழாவது குழுவில்தான் உரிமை இருக்கிறதென்றால் காரணமே தெரியாமல் மறுப்பு வரும். இதற்கென்றே மவுண்ட்டியில் (மவுண்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் சர்வர் சேவை) மேனேஜ்-ஜிட்ஸ் உண்டு: கிளையன்ட் சொல்லும் குழுக்களை விட்டுவிட்டு, சர்வர் தன் குழுப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும். டெபியனில் /ஈடிசி/என்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் இது ஏற்கெனவே இயங்கும் நிலையில் வருகிறது.

ஆகவே டெபியன் சர்வரில் பொதுக்குழுவை வொர்க்ஸ்டேஷனில் மட்டும் சேர்த்தால் போதாது. அதே யுஐடி உள்ள பயனர் சர்வரிலும் இருக்க வேண்டும், சர்வரிலும் அவர் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். சேர்த்த பிறகும் மறுத்தால் சூடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -எஃப் ஓட்டிக் கெர்னல் நினைவில் வைத்திருக்கும் பழைய குழுப் பட்டியலைக் கழுவுங்கள்.

#9 கல்தூண்

இவ்வளவு எண் கணக்கு எதற்கு? சாம்பா (விண்டோஸ் முறையில் கோப்பு பகிரும் மென்பொருள்) போட்டால் பயனர் பெயர், கடவுச்சொல், முடிந்தது. போர்ட் 445 ஒன்று திறந்தால் போதும்.

#10 நிலவறை

சாம்பா தவறில்லை. விண்டோஸ் இயந்திரமும் அதே அடைவைத் தொட வேண்டுமென்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எண் பிரச்சினை அங்கே மறைகிறதே தவிர ஒழிவதில்லை. சிஐஎஃப்எஸ் மவுண்டில் (சாம்பா பகிர்வை லினக்ஸில் ஏற்றும் வழி) யுஐடி=1001,ஜிஐடி=1001 என்று கொடுத்தால் எல்லாக் கோப்பும் உங்களுடையதாகத் தெரியும்; சர்வரில் உண்மையில் எழுதுபவர் நீங்கள் கடவுச்சொல் கொடுத்த சாம்பா பயனர். எக்ஸிக்யூட் பிட், சிம்பாலிக் லிங்க், சாக்கெட் கோப்பு இவையெல்லாம் லினக்ஸ் எதிர்பார்க்கிறபடி நடக்க வேண்டுமென்றால் தனியாகப் பாடுபட வேண்டும். நிரல் தொகுப்பது, கிட் களஞ்சியம் வைப்பது போன்ற வேலைகளுக்கு இரண்டு லினக்ஸுக்கு நடுவே என்எஃப்எஸ்தான் நேர்வழி.

சாம்பா எடுப்பவர்கள் கடவுச்சொல்லை எஃப்ஸ்டாப் (இயந்திரம் எழும்போது மவுண்ட் ஆக வேண்டியவற்றின் பட்டியல்) வரியில் எழுத வேண்டாம். அந்தக் கோப்பை எல்லாரும் படிக்கலாம். தனிக் கோப்பில் வைத்து 600 கொடுத்து, கிரெடென்ஷியல்ஸ்= ஆப்ஷனில் அதன் பாதையைச் சுட்டுங்கள்.

#11 பனையோலை

எண்ணை 2001 ஆக்கினேன், ஃபைண்ட் ஓட்டினேன். இப்ப எழுதுது. நன்றி.

ஆனா புதுசா ஒண்ணு. சின்னக் கோப்புகள் உடனே போகுது. 4 ஜிபி கோப்பு ஒண்ணை நகலெடுத்தா அப்படியே உறைஞ்சு நிக்குது. கண்ட்ரோல்-சி வேலை செய்யல. பிஎஸ் காட்டுற நிலை "டி" (குறுக்கிட முடியாத காத்திருப்பு). டிமெசேஜில் "என்எஃப்எஸ்: சர்வர் 192.168.10.5 நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்". அதே நேரத்தில் பிங் நல்லாப் போகுது, எஸ்எஸ்ஹெச்சும் உள்ளே விடுது. ஆயிரக்கணக்கில் கோப்பு இருக்கிற ஒரு அடைவில் எல்எஸ் போட்டாலும் இதே கதை.

#12 கல்தூண்

சாஃப்ட் போட்டு மவுண்ட் செய்யுங்கள். உறையாது, பிழை சொல்லிவிட்டு வெளியே வந்துவிடும்.

#13 தறிநூல்

வேண்டாம், எழுதுகிற பகிர்வில் சாஃப்ட் ஆபத்து. நிரல் எழுதச் சொன்ன தரவு முதலில் கிளையன்டின் நினைவகத்தில்தான் சேர்கிறது, பிறகே சர்வருக்குப் போகிறது. சாஃப்ட்டில் காலக்கெடு தீர்ந்ததும் கெர்னல் அந்தத் தரவைக் கைவிட்டு, ஃபைலை மூடும்போதோ எஃப்சிங்க் செய்யும்போதோ பிழை தருகிறது. மூடும்போது வரும் பிழையைப் பார்க்காத நிரல்கள் ஏராளம். கோப்பு முழுதாகப் போனது என்றே அவை நினைத்துக்கொள்ளும், நடுவில் ஓட்டை இருக்கும்.

ஹார்ட் என்றால் சர்வர் திரும்பி வரும்வரை காத்திருக்கும், தரவு போகாது. டைமியோ=600 என்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு கணக்கு, அதாவது 60 நொடி. கண்ட்ரோல்-சி கேட்காவிட்டாலும் கில் -9 கேட்கும், 2.6.25-லிருந்து கெர்னல் அதை விடுகிறது.

உறைவது நோய் அல்ல, அறிகுறி. சின்னது போகிறது, பெரியது போகவில்லை, பிங் போகிறது. ஐபி லிங்க் ஷோ இரண்டு பக்கமும் எடுத்துப் போடுங்கள்.

#14 பனையோலை

சர்வர்: எம்டியு (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பெரிய பாக்கெட்டின் அளவு, பைட்டில்) 9000. வொர்க்ஸ்டேஷன்: எம்டியு 9000. வேகம் கூடும்னு இரண்டிலும் வைச்சிருந்தது.

#15 அலைவரிசை

ஒரு பக்கம் 9000, மறுபக்கம் 1500 என்றால்தானே இப்படி வரும்? இரண்டும் 9000 என்றால் சரியாகத்தானே இருக்க வேண்டும்?

#16 மின்தடம்

நேர்மாறாக. டிசிபியில் இணைப்பு தொடங்கும்போதே ஒவ்வொரு முனையும் தன் எம்எஸ்எஸ் அளவைச் (ஒரு துண்டில் எவ்வளவு தரவை ஏற்கும் என்பது) சொல்லிவிடும். ஒரே ஸ்விட்ச்சில் ஒரு முனை 1500 என்றால் அது 1460 என்று சொல்லும், எதிர்முனை அதற்கு மேல் அனுப்பாது. அதனால் அந்த நிலையில் என்எஃப்எஸ் பெரும்பாலும் ஓடிவிடும்.

இரண்டு முனையும் 9000 என்று ஒப்புக்கொண்டு, நடுவில் உள்ள ஸ்விட்ச் 1500-ஐத் தாண்டிய சட்டகத்தை (ஃப்ரேம்) ஏற்காவிட்டால்தான் சிக்கல். ஸ்விட்ச் அந்தச் சட்டகத்தைச் சத்தமில்லாமல் போட்டுவிடும். "பெரிதாக இருக்கிறது" என்று திருப்பிச் சொல்வது ரூட்டர் செய்யும் வேலை, ஸ்விட்ச்சுக்கு அது தெரியாது. இணைப்பு தொடங்குவது, பிங், எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு, சிறு கோப்பு எல்லாம் 1500-க்குள் அடங்கிவிடுவதால் நன்றாகப் போகும். முதல் பெரிய சட்டகம் வரும்போது எல்லாம் நிற்கும். ஆயிரம் கோப்புள்ள அடைவில் எல்எஸ் நிற்பதற்கும் இதே காரணம்: சர்வர் தரும் பதில் பெரிது.

சோதனை, வொர்க்ஸ்டேஷனிலிருந்து:

பிங் -எம் டூ -எஸ் 1472 192.168.10.5
பிங் -எம் டூ -எஸ் 8972 192.168.10.5

28 பைட் தலைப்புகளுக்குப் போகும்; 1472-உடன் சேர்ந்தால் 1500, 8972-உடன் சேர்ந்தால் 9000. "மெசேஜ் டூ லாங்" என்று உடனே வந்தால் உங்கள் கார்டின் எம்டியுவே சிறிது. எதுவும் வராமல் மௌனமாக இருந்தால் நடுவில் யாரோ விழுங்குகிறார்கள். அந்த மௌனம்தான் இங்கே அடையாளம்.

#17 பனையோலை

1472 பதில் வருது. 8972 முழு மௌனம், 100 சதவீதம் இழப்பு.

#18 மின்தடம்

ஸ்விட்ச்சில் ஜம்போ ஃப்ரேம் (1500-க்கு மேலான சட்டகம்) இயக்கும் வசதி இருந்தால் இயக்குங்கள். அமைப்புப் பக்கம் இல்லாத எளிய ஸ்விட்ச் என்றால் இரண்டு முனையையும் 1500-க்குத் திருப்புவதே சரி:

சூடோ ஐபி லிங்க் செட் டெவ் இஎன்பி3எஸ்0 எம்டியு 1500

கார்டின் பெயரை உங்களுடையதற்கு மாற்றுங்கள். இது மறுதொடக்கம் வரைதான் நிற்கும். நெட்வொர்க் அமைப்பில் 9000 எழுதிய இடத்திலும் எடுத்துவிடுங்கள். உறைந்து நிற்கும் நகலெடுப்பு, ஹார்ட் மவுண்ட் என்பதால், தானாக மேலே தொடரும். அம்மவுண்ட் -எல் அடிக்க அவசரப்பட வேண்டாம். அது மவுண்டைக் கண்ணிலிருந்து மறைக்கும், உள்ளே காத்திருக்கும் நிரலை விடுவிக்காது.

கிகாபிட்டில் 9000-ஆல் கிடைக்கும் ஆதாயம் சிறிது. 1500-லேயே ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகம் அளக்கும் கருவி) நொடிக்கு 940 மெகாபிட் அளவுக்குக் காட்டும். 94 அளவில் நின்றால் இணைப்பு 100-இல் பேசுகிறது என்று பொருள். ஈத்டூலில் ஸ்பீட் வரியைப் பாருங்கள். பெரும்பாலும் கேபிளில் ஒரு ஜோடி கம்பி போயிருக்கும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும் என்பதால் ஒரு ஜோடி போனாலும் இணைப்பு முழுதாக அறுவதில்லை, மெதுவாகிவிடும்.

#19 பனையோலை

1500 ஆக்கின சில நொடியில் நகலெடுப்பு தானா ஓட ஆரம்பிச்சது. ஐபெர்ஃப்3 941 காட்டுது. 4 ஜிபி கோப்பு நொடிக்கு 110 எம்பி அளவில் போகுது. இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ256 எடுத்து ஒப்பிட்டேன், ஒண்ணாவே இருக்கு.

கடைசியா ஒண்ணு. எஃப்ஸ்டாப்பில் எழுதினா வொர்க்ஸ்டேஷன் எழும்போது சில நாள் மவுண்ட் ஆகாம நிக்குது. ஒரு தடவை மவுண்ட் ஆகி உள்ளே காலியா இருந்தது, மிரண்டுட்டேன்.

#20 நிலவறை

இரண்டும் வேறு வேறு.

மவுண்ட் ஆகாதது வொர்க்ஸ்டேஷன் பக்கம்: நெட்வொர்க் முழுதாக எழுவதற்குள் மவுண்ட் முயன்று தோற்கிறது. முதல் முறை தொடும்போது மவுண்ட் ஆகும்படி வைத்தால் இந்தப் போட்டியே இருக்காது:

192.168.10.5:/எஸ்ஆர்வி/பகிர்வு /எம்என்டி/பகிர்வு என்எஃப்எஸ்4 ஹார்ட்,_நெட்டெவ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் 0 0

எழுதிய பின் சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், பிறகு சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ரிமோட்-எஃப்எஸ்.டார்கெட்.

காலியாகத் தெரிந்தது சர்வர் பக்கம், இதைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். இரண்டாவது டிஸ்க் ஏறாத நிலையில் எக்ஸ்போர்ட் தொடங்கியிருக்கிறது. சர்வர் பகிர்ந்தது டிஸ்க்கை அல்ல, ரூட் பகுதியில் அதே பெயரில் இருக்கும் வெற்று அடைவை. அப்போது எழுதியிருந்தால் கோப்புகள் ரூட் பகுதிக்குள் விழுந்திருக்கும், டிஸ்க் ஏறியதும் கண்ணுக்குத் தெரியாமல் அதன் அடியில் மறைந்திருக்கும். தேடாத இடத்தில் ரூட் பகுதி நிரம்பும்.

டிஸ்க் சர்வரின் எஃப்ஸ்டாப்பில் முறையாக இருந்தால் சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கும் நிரல்) வரிசையைப் பார்த்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் வழியாகவோ டெஸ்க்டாப் வழியாகவோ ஏறினால் அந்த வரிசை தெரியாது. எஃப்ஸ்டாப்பில் யூயுஐடி (டிஸ்க்கின் தனி அடையாளம்) கொண்டு எழுதுங்கள். அதோடு எக்ஸ்போர்ட் ஆப்ஷன்களில் எம்பி சேருங்கள், அதாவது மவுண்ட்பாயிண்ட். அந்தப் பாதையில் உண்மையில் ஒரு டிஸ்க் ஏறியிருந்தால்தான் பகிரும்.

இன்னும் உறுதியாக வேண்டுமென்றால், பகிர்வை நிறுத்தி டிஸ்க்கை இறக்கிவிட்டு வெற்று அடைவுக்கு சூடோ சேட்டர் +ஐ /எஸ்ஆர்வி/பகிர்வு கொடுங்கள். டிஸ்க் அதன் மேல் வழக்கம்போல் ஏறும். ஏறாத நாளில் ரூட்டாலும் அதில் ஒரு கோப்பு வைக்க முடியாது. இறக்கியிருக்கும்போதே அந்த வெற்று அடைவில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

#21 அலைவரிசை

ஃபயர்வால் பற்றி யாரும் பேசவில்லையே. சர்வரில் போர்ட் 2049 மட்டும் திறந்திருக்கிறேன். ஷோமவுண்ட் -ஈ (சர்வர் பகிர்பவற்றைக் காட்டும் கட்டளை) அடித்தால் நேரம் கடந்து தோற்கிறது, ஆனால் மவுண்ட் ஆகிறது. எதை நம்புவது?

#22 தறிநூல்

மவுண்டை நம்புங்கள். வெர்ஷன் 4-க்கு டிசிபி 2049 ஒன்றே போதும். ஷோமவுண்ட் வெர்ஷன் 3 காலத்து வழியில் போர்ட் 111-ஐயும் மவுண்ட்டியையும் கேட்கிறது. அவை மூடியிருந்தால் அது தோற்பது இயல்பு. வெர்ஷன் 3 உங்களுக்குத் தேவையில்லை என்றால் என்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் என்எஃப்எஸ்டி பகுதியில் வெர்ஸ்3=என் எழுதி மூடிவிடலாம். 2049 திறந்திருக்கிறதா என்று பார்க்க என்சி -இசட்வி 192.168.10.5 2049.

#23 பனையோலை

வெற்று அடைவைத் திறந்து பார்த்தேன், உள்ளே 3 கோப்பு கிடந்தது. எடுத்து டிஸ்க்கில் சேர்த்துட்டு சேட்டர் போட்டுட்டேன். எம்பி சேர்த்தாச்சு, சர்வரை மறுதொடக்கம் செஞ்சு பார்த்தேன். சர்வர் எழுந்த பிறகும் வொர்க்ஸ்டேஷனில் கோப்பு திறக்க ஒன்றரை நிமிஷம் வரை ஆச்சு, அப்புறம் சரியா ஓடுது. இது இன்னொரு பிழையா?

#24 நிலவறை

இல்லை. வெர்ஷன் 4 சர்வர் எழுந்ததும் 90 நொடி அளவு சலுகைக் காலம் தரும். முன்பு கோப்பைத் திறந்து வைத்திருந்தவர்கள், பூட்டு வைத்திருந்தவர்கள் தங்கள் உரிமையைத் திரும்பப் பெற அந்த நேரம். அதற்குள் புதிதாகத் திறக்கக் கேட்பவர்கள் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தைக் குறைக்கும் குறிப்புகள் அங்கங்கே கிடைக்கும். தொடாதீர்கள், ஒருவர் பூட்டிய கோப்பை இன்னொருவர் திறந்துவிடாமல் காப்பது அதுதான்.

இந்த வொர்க்ஸ்டேஷனை அப்படியே நகலெடுத்து இரண்டாவது இயந்திரம் அமைக்கும் எண்ணம் இருந்தால் ஹோஸ்ட்நேமை முதலில் மாற்றுங்கள். வெர்ஷன் 4 கிளையன்ட் தன்னை ஹோஸ்ட்நேம் கொண்டுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. இரண்டும் ஒரே பெயரில் வந்தால் ஒன்று மறுதொடக்கம் ஆகிவிட்டது என்று சர்வர் எண்ணி மற்றதன் பூட்டுகளைக் கலைக்கும், இரண்டும் மாறி மாறி உறையும். சர்வரில் /பிராக்/எஃப்எஸ்/என்எஃப்எஸ்டி/கிளையன்ட்ஸ் அடைவுக்குள் ஒவ்வொரு கிளையன்டுக்கும் இன்ஃபோ என்ற கோப்பு இருக்கும். இரண்டு முகவரி, இரண்டு வேறு பெயர் தெரிகிறதா என்று அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.